கேட்பதற்கு ஒரு லைசென்ஸ்

தங்கையின் தாலியை இறக்க நாள் பார்க்கிறார்கள் என்று மதராஸில் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அவள் புருஷன் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றான். கடிதம் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. குழித்துறைப் பக்கத்து ஆள் ஒருவன் பூதப்பாண்டிக்கு வந்து, அவன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனான், அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது என்று சொல்லி, ஒரு வேட்டியையும் கடுக்கனையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் சாட்சி.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது தங்கை மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண்குழந்தை வைக்கோலில் உட்கார்ந்திருந்தது.

"எவனோ ஒருத்தன் வேட்டியக் கொண்டுவந்தான்னு நான் கழட்டிக் குடுக்கணுமா அண்ணே? செத்தார்னா செத்தார்னு தெரியணும். தெரிஞ்சா நானே கழட்டுவேன்" என்றாள்.

அவள் கொழுந்தனார்களும் மாமியாரும் கொடியவர்கள் அல்லர். கருமம் செய்யாத ஆவி வீட்டைச் சுற்றும் என்று பயந்தார்கள். அவள் புருஷனுக்கு மூத்தவர் என்னிடம் சொன்னார்: "அமாவாசை வரைக்கும் பொறுப்போம். அதுக்குள்ள நீரு விசாரிச்சுக்கிட்டு வாரும் வே. ஒமக்குத்தான் ஊரு சுத்தத் தெரியுமே."

சுற்றத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஓடியவன் நான். மதுரையில் எச்சில் இலை எடுத்தேன், கொச்சித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். கடைசியாக மதராஸில் ஒரு பழைய போலீஸ்காரரிடம் சேர்ந்தேன். அவர் ஒரு மாடியில் பலகை மாட்டி, தனியாக விசாரணைத் தொழில் நடத்தினார். ஓடிப்போன பங்காளி, காணாமல் போன மகன், சந்தேகத்துக்குரிய மருமகன் என்று யாரையாவது நான் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து வந்து சொல்வேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு தாள் தொங்கும். இங்கிலீஷ் தெரியாத நான் அதுதான் அவருடைய லைசென்ஸ் என்று நினைத்திருந்தேன்.

முதலில் தூத்துக்குடிக்கும் பிறகு மண்டபத்துக்கும் போனேன். இலங்கைக்குப் போகிறவர் வருகிறவர் விவரமெல்லாம் மண்டபத்தில் இருக்கும் என்று சொன்னார்கள். அங்கே குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யார்? என்ன அதிகாரத்துல கேக்குற?"

"மச்சினன்" என்றேன்.

"மச்சினன்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

என்னிடம் ஒரு சட்டைதான் இருந்தது, அதுவும் கிழிந்தது. வெளியே மணலில் உட்கார்ந்து யோசித்தேன். லைசென்ஸ் ஒன்று இருந்தால் இவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் போய்த் திரும்பாத ஆண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. நாகர்கோயிலில் ஒரு பலகை மாட்டினால் எனக்கும் ஒரு பிழைப்பு ஆகும். தங்கையையும் அவள் பிள்ளையையும் வைத்துக் காப்பாற்ற எனக்கு ஒரு கூரை கிடைக்கும். இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டுதான் நாகர்கோயிலுக்குத் திரும்பி வந்தேன்.

நகராட்சியில் லைசென்ஸ் வேண்டிய தொழில்களின் பட்டியலான ஜாபிதா சுவரில் ஒட்டியிருந்தது. அரிசி ஆலை, விறகுக்கடை, மண்ணெண்ணெய், சாயப்பட்டறை, காப்பிக்கடை என்று எல்லாம் இருந்தன. அங்கிருந்த எழுத்தர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார்.

"ஆளு தேடுத தொழிலாம். இதுல எதுல சேக்க?"

"நாய்க்கு லைசென்ஸ் உண்டுல்லா, அதுல சேரும்" என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். ஜாபிதாவில் இல்லாத தொழிலுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பார்கள் என்று காப்பிக்கடையில் யாரோ சொன்னதை நம்பி அங்கே போனேன். அப்போது எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் வடக்கே மலையாளத்துக்காரர். தமிழ் பேசுவார்.

"விசாரிக்கதுக்கு நாங்க இருக்கோம். நீ எதுக்கு?"

"அப்படின்னா என் மச்சினனை விசாரிச்சுச் சொல்லணும் எசமானே."

"கொழும்பு எண்டெ ஸ்டேஷன் எல்லையில இல்ல." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேளு. உனக்கு வீடு உண்டா? நிலம் உண்டா? வேலை?"

இல்லை என்றேன்.

"வருமானத்துக்கு வழி சொல்ல முடியாம ஊர்ஊரா நடந்து அடுத்தவன் காரியம் கேக்குறவனைப் பிடிச்சு ஜாமீன் கேக்க சட்டத்துல வகுப்பு உண்டு. இனி ஒரு தடவை எவனாவது உன்னைப்பத்திப் புகார் சொன்னா உள்ள போடுவேன்."

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அது எனக்குப் புதிதல்ல. அமாவாசைதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோட்டாற்றில் ஒரு வக்கீலின் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்துத்தான் அவரிடம் ஒரு பேச்சுக் கேட்க முடிந்தது. வயதானவர், சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது வே. வேணும்னு ஒரு சட்டமும் இல்ல, கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல. சட்டம் இருந்தா நான் வாங்கித் தருவேன். இல்லாத கதவை எங்க போய்த் தட்ட?"

"மதராஸில் ஒரு தாளு தொங்குச்சே ஐயா."

"அது அவரு போலீஸ்ல இருந்ததுக்கு நற்சாட்சியா இருக்கும்."

பிறகு விரல் மடக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். போலீஸ் என்று சொல்லக்கூடாது, காக்கி போட்டு ஏமாற்றக்கூடாது. அடுத்தவன் வாசல்படி தாண்டக்கூடாது. தபாலைப் பிரிக்கக்கூடாது. கண்டுபிடித்ததை ஊரில் பரப்பினால் மானநஷ்டத்துக்கு உள்ளே போகவேண்டும். கோர்ட்டில் நான் கண்டதைச் சொல்லலாம், பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னால் எடுக்கமாட்டார்கள். இதற்குள் நின்று செய்தால் யாரும் என்னைத் தடுக்க முடியாது, யாரும் எனக்குப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

மனமிரங்கி ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். இவர் என் கட்சிக்காரியின் சகோதரர், அவள் கணவனைப் பற்றி அவளுக்காக விசாரிக்கிறார் என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்தார்.

சாவுச் செய்தி கொண்டுவந்தவனைத் தேடி அதோடு குழித்துறைக்குப் போனேன். சந்தை நாள். பாக்குக் கடைகளிலும் கருப்பட்டிக் கடைகளிலும் தாளைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். முத்திரையைப் பார்த்ததும் ஒவ்வொரு முகமும் மூடிக்கொண்டது. ஜப்திக்கு வந்த கோர்ட்டு அமீனா என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் கடையின் பாதிப் பலகையை எடுத்துச் சார்த்திவிட்டார். "அப்படி ஒரு ஆள இஞ்ஞ ஆருமே அறியாது" என்று, நான் பெயர் சொல்வதற்கு முன்பே ஒரு கிழவி சொன்னாள். அலுவலகத்தில் தாள் இல்லாமல் பேசமாட்டார்கள், ஊரில் தாளோடு வந்தவனிடம் பேசமாட்டார்கள். அமாவாசைக்கு மறுநாள் கருமம் என்று முடிவாகியிருந்தது. தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, பஸ்ஸுக்காக ஆற்றுப்பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

டீக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னைக் கவனித்தார்.

"கிழக்க இருந்து வாறீரா? பொண்ணுக்கு ஆளு விசாரிக்க வந்ததாக்கும்?"

வெறும் களைப்பில் தலையாட்டினேன்.

எங்கள் நாட்டில் கல்யாணம் பேசுவதற்கு முன்பு பெண்வீட்டிலிருந்து ஓர் ஆளை மாப்பிள்ளையின் ஊருக்கு அனுப்புவார்கள். அவன் டீக்கடையிலும் நாவிதரிடமும் போய் உட்காருவான். குடி உண்டா, சூதாட்டம் உண்டா, வீட்டில் சித்தம் கலங்கினவர் உண்டா, தகப்பன் எப்படிப்பட்டவன் என்று கேட்பான். கேட்டால் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கை என்பதால் யாரும் மறைப்பதில்லை, யாரும் கோபப்படுவதுமில்லை. எந்தச் சர்க்கார் கச்சேரியும் தராத உத்தரவு இது. இத்தனை நாளும் எனக்கு இது தோன்றாமல் போயிற்று.

"ஆளு எப்பிடி?" என்றார் டீக்காரர்.

கொழும்பில் ஜவுளிக்கடையில் நின்றவன், இடது புருவத்தில் தழும்பு, சிரித்தால் ஒரு கண் சுருங்கும் என்றேன். செய்தி கொண்டுவந்தவனை விட்டுவிட்டு, செத்தவனையே மாப்பிள்ளையாக்கி ஏன் கேட்டேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீக்காரர் சிரித்துவிட்டார்.

"அவனுக்கா? ஓய், நீரு பிந்திப்போச்சு. அவனுக்குக் கல்யாணக் கெட்டு கழிஞ்சு, ஒரு கொச்சுப் பிள்ளையும் உண்டு."

"குலசேகரத்துல ரப்பர் எஸ்டேட்டுல கணக்கு எழுதுகான், சந்தைக்கு இஞ்ஞதான் வருவான்" என்றார் பெஞ்சில் இருந்தவர். "கொழும்புல இருந்து வந்தப்பமே அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தான். தங்கமான பய. குடிக்கமாட்டான். வேற எடம் பாரும்."

அந்த டீயை நான் குடித்தேனா என்று நினைவில்லை.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொட்டகைக்கு முன்னால் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் கையில் இருந்த பென்சிலைக் காதில் சொருகினான். ஓடவில்லை.

"ஆரு சொல்லி வந்தே?" என்றான்.

"உன் பொண்டாட்டி."

"அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சே, நான் செத்தேன்னு." குரல் தணிந்திருந்தது. "அவ அங்க நல்லாத்தானே இருக்கா. சோத்துக்குக் கொறைவில்ல. என்ன செய்யணுங்கே? போலீசுக்குப் போறியா? போ."

அடிக்கலாம் என்று தோன்றியது. கை எழவில்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் திரும்பி நடக்கையில் பின்னால் ஓடிவந்தான்.

"அம்மை சொகமா இருக்காளா?"

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

தங்கையிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். அவள் தண்ணீர் இறைப்பதை நிறுத்தவில்லை. குடம் நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அவ எப்படி இருக்கா?"

"பாக்கலை. குரல்தான் கேட்டேன்."

கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் சாய்ந்தாள். வக்கீலிடம் போகலாம், ஜீவனாம்சம் கேட்கலாம், நான் கண்ணால் கண்ட சாட்சி, கோர்ட்டு எடுக்கும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"செத்தவர் பொண்டாட்டிக்கு இந்த வீட்டுல ஒரு மூலை உண்டு அண்ணே. விட்டுட்டுப் போனவர் பொண்டாட்டிக்கு என்ன உண்டு? உனக்கே கெடக்க எடமில்ல, என்னை எங்க கொண்டு வைப்பே?"

நான் தூக்கப்போன குடத்தை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு நாளைக்கு ஒருத்தன் விசாரிக்க வருவான். தகப்பன் காய்ச்சல்ல செத்தான்னா, பாவம்னு சொல்லிக் கெட்டுவான். தகப்பன் அடுத்த ஊர்ல வேற ஒருத்தி கூட இருக்கான்னு டீக்கடையில சொன்னா எவன் வருவான்?" அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நீ ஒண்ணும் பாக்கலை. நீ குழித்துறைக்குப் போகவே இல்ல. அத்தைகிட்டயும் சொல்லப்பிடாது. அவளால வாய வச்சிக்கிட்டு இருக்க முடியாது."

அமாவாசைக்கு மறுநாள் குளக்கரையில் கருமம் நடந்தது. வைதீகர் தர்ப்பையால் அவனை ஓர் ஆளாகக் கட்டி, பிறகு எரித்தார். மூத்தவர் குளத்தில் முங்கி எழுந்தார். வீட்டில் பெண்கள் தங்கையைச் சுற்றி உட்கார்ந்து தாலியை இறக்கினார்கள். அவள் அழவில்லை. திகைத்துப் போயிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அழுதது மாமியார்தான். அந்தக் கடுக்கனை மார்பில் அழுத்திக்கொண்டு, "என் கண்ணே, தண்ணிக்குத் தவிச்சியோ, ஆரு ஒனக்கு வாய் நனைச்சாவளோ" என்று மண்ணில் புரண்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"நீயும் தேடினியே மக்கா. ஒரு சேதியும் கெடக்கலியா? கடைசியில என்னைக் கேட்டானான்னு சொல்ல ஒரு ஆளுகூட இல்லியா?"

கேட்டான். நேற்றல்ல, முந்தாநாள் கேட்டான். என் வாய் திறந்தது. அவளுக்குப் பின்னால், கூடத்து மூலையில், வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்த தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.

"ஒண்ணும் கெடக்கலை அத்தை" என்றேன்.