கடுக்காய்த் தண்ணீரும் கான்ஸ்டபிளும்

கேட்டைத் திறந்துகொண்டு கான்ஸ்டபிள் உள்ளே வந்ததும் நான் செய்த முதல் காரியம், கொடியில் காய்ந்த என் லுங்கியை உருவி இரண்டு டிரம்களையும் மூடியது. இளம் இன்ஜினியர்களே, சைட்டில் போலீஸைப் பார்த்தால் எதையும் மூடாதீர்கள். மூடினால்தான் அவர் அதைப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் பத்து நாள் பயிற்சி முகாம். பழைய கட்டடத்தைப் பழைய முறையிலேயே பழுதுபார்க்க, என்னைப் போன்ற இன்ஜினியர்கள் கைப்படக் கற்க வேண்டும். நானோ தேனாம்பேட்டை ஆபீசில் பதினைந்து வருஷம் சிமென்ட் மூட்டையோடு குடும்பம் நடத்தியவன். தளம் அடிக்கும் மரக்கட்டையைப் பிடித்த முதல் நாளே கையெல்லாம் கொப்புளம். மேஸ்திரி காதர் பாய் எனக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தார்.

"சார், நீ டிரம்மாண்ட குந்து. அதுவும் உன்ன மாதிரிதான். சும்மா கீறதுதான் அதோட வேல."

டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்தன. மாடியில் மெட்ராஸ் டெரஸ் போட்டுக்கொண்டிருந்தோம்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். அதை நாள் கணக்கில் கட்டையால் அடிக்க வேண்டும்; அடிக்க அடிக்க இந்தத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். அப்போதுதான் தளம் இறுகும், மழை இறங்காது. தண்ணீரைப் பாய் முகாமுக்கு முன்பே ஊறப் போட்டிருந்தார். புதிதாகப் போட்டால் இன்னும் பத்து நாள். ஐப்பசி மேகமோ தலைக்கு மேல் நின்றது. "இந்த மழைக்கும் ஒழுகித்துன்னா பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். இடிச்சுட்டு பிளாட் கட்டிக்கட்டும்" என்று வீட்டுக்கார மாமி முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, அந்த வீடே என் இரண்டு டிரம்களில் மிதந்தது.

நான்காம் நாள் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். நுரையே இல்லை. புளிப்பது நின்று ஊறல் செத்துவிட்டதோ? பாயைக் கேட்க வெட்கம். யாருக்கும் தெரியாமல் நாலு கிலோ வெல்லத்தை வாங்கி வந்து கொட்டினேன். இரண்டே நாளில் அது பொங்கி வழிந்து, தெருமுனை வரை மணத்தது. கள்ளச்சாராய ஊறலும் இதே வாசனைதான் என்பது எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாருக்கோ நன்றாகத் தெரிந்திருந்தது.

கான்ஸ்டபிள் லுங்கியைத் தூக்கி முகர்ந்தார். "யோவ், இன்னாயா இது?"

"கட்டடம் சார்" என்றேன்.

"நொர தள்ளிக்கினு கீது, கட்டடம்ங்கற? ரெண்டையும் கவுத்துட்டு ஸ்டேஷனுக்கு நட!"

மாடியில் பாதி அடித்த தளம் அப்படியே கிடந்தது. சத்தம் கேட்டுக் காதர் பாய் இறங்கி ஓடி வந்தார். "சார், சார், இது சுண்ணாம்புல ஊத்தறது. நம்பலன்னா ஒரு வாய் குட்ச்சுப் பாரு."

"டூட்டில கீறேன்யா" என்றவர் என்னைக் காட்டினார். "இவரு குடிக்கட்டும். சரக்கா இல்லியான்னு மூஞ்சியே சொல்லிடும்."

மாமி உள்ளேயிருந்து தம்ளர் கொண்டுவந்தார். "எச்சல் பண்ணாம தூக்கிக் குடிங்கோ."

ஒரு வாய் போதும். ஆனால் வீட்டைக் காப்பாற்றும் வீராவேசத்தில் முழுத் தம்ளரையும் கவிழ்த்தேன். அந்தத் துவர்ப்பில் நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து கான்ஸ்டபிள் இரண்டடி பின்வாங்கினார்.

"இத்த காசு குட்த்து எவனும் குடிக்க மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லி, சைக்கிளை எடுத்தார்.

பாய் டிரம்மில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "எம்மாம் வெல்லம் போட்ட?"

"நாலு கிலோ."

"அது செத்தா போச்சு, எழுப்பி வுட்டுக்கீற? நொர அடங்கனாத்தான் சார் பக்குவம்!" தலையில் அடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நுரையை அடக்கிச் சரிசெய்தார்.

மறுநாள் தளத்தில் அதைத்தான் தெளித்தார்கள். நான் அங்கே இல்லை. கடுக்காய் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மேலே கட்டைகள் விழும் ஓசையை, இரண்டு நாள் மாமி வீட்டுக் கொல்லைக் கழிப்பறைக்குள் உட்கார்ந்துதான் கேட்டேன்.

பெருமழை முகாம் முடிந்த பிறகுதான் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் ஆபீசுக்கு மாமியின் போன்.

"ஒரு சொட்டு எறங்கலை. பில்டரை வர வேண்டாம்னுட்டேன். பின்கட்டு மாடியையும் பண்ணிடலாம். ஆனா நீங்க வராதேள், பாயை மட்டும் அனுப்புங்கோ."

அனுப்பினேன். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: சுண்ணாம்பு தன் நேரத்தில்தான் இறுகும். அவசரப்படுகிறவனுக்கு இளகுவது வேறு.