பிரபாவின் கடையில் ஆடு நின்றுபோன வருஷம்

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பிரபா ஆறு கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் சென்டர் நடத்திவந்தாள். 2006இல் அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சென்டர்தான். இருந்தாலும் ‘அங்க போனா வைரஸ் வராது’ என்ற பேர் பிரபா கடைக்கு மட்டும் உண்டு. அவளிடம் இருந்த மூலதனம் அந்தப் பேர் ஒன்றுதான்.

பேரைக் காத்தது ஓர் ஆடு. ஷெப்பர்ட் என்று ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர்; போட்டுவிட்டால் திரையின் மூலையில் செம்மறியாடு ஒன்று வந்து நிற்கும். பிரவுசர், பாட்டு வீடியோ போடும் பிளேயர் என்று கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் புதுப் பதிப்பாக இருந்தால் ஆடு பச்சை. ஒன்று பழசாகிப்போனாலும் சிவப்பு. பழசில் ஓட்டை இருக்கும், ஓட்டை வழியாக வைரஸ் வரும், விஷயம் அவ்வளவுதான். “பிரபா, ஆடு செவந்துடுச்சு!” என்று வாடிக்கைக்காரர்களே குரல் கொடுப்பார்கள். அவள் வந்து புதுசைப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் காலையில் கடை திறந்தபோது ஆறு ஆடும் சாம்பல் நிறத்தில் நின்றன. அமுக்கிப் பார்த்தால் ஒரே ஒரு வார்த்தை வந்தது: டிஸ்கன்டினியூட், அதாவது நிறுத்தியாகிவிட்டது.

அந்த வார்த்தையோடு பிரபாவுக்குப் பழைய பகை. இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா படுக்கையில் விழ, கல்லூரியை விட்டவள் அவள். ‘பி.காம்., டிஸ்கன்டினியூட்’ என்று பயோடேட்டாவில் போட்டுத்தான் அண்ணன் பாலகுமார் அவளுக்கு மாப்பிள்ளை தேடினான். வந்தவர்கள் எல்லாரும் நேராக அந்த வார்த்தையில் கொண்டுபோய் விரலை வைத்தார்கள். கல்யாணம் அமையாததில் அவளுக்கு ஒன்றும் பெரிய குறையில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கண்டால் இன்றைக்கும் சுள்ளென்று வரும்.

மாடி, அப்பா அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக விட்டுப்போனது. அதை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது பாலகுமாரின் நெடுநாள் யோசனை. கெட்டவனில்லை, தொல்லை வேண்டாம் என்று நினைக்கிற ஆள். ஆடு போன சேதி கேட்டதும் படியேறி வந்தான்.

“ஆடே பூட்ச்சு. இனிமே இன்னா பண்ணப் போற?”

“பாத்துக்கறேண்ணா.”

“ஒரு மிஷின்ல வைரஸ் பூந்தாலும் கடைய மூடிடணும். சரியா?”

“சரி, மூடிடறேன்,” என்று ரோஷத்தில் சொல்லிவிட்டாள்.

ஷெப்பர்டை எழுதியவனுக்கு அன்றைக்கே மெயில் போட்டாள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், உங்கள் ஆட்டை நம்பி இங்கே ஒரு கடை இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்றாடியிருந்தாள். நாலைந்து நாளில் பதில் வந்தது. ஒண்டி ஆளாகச் செய்து களைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றவன், கீழே இன்னொன்றும் எழுதியிருந்தான்: ஆடு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அம்மா, ஒவ்வொரு சாஃப்ட்வேரின் பக்கத்துக்கும் போய்ப் புதுப் பதிப்பு நம்பர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும், அவ்வளவுதான்.

பிரபா அதை மறுபடியும் படித்தாள். பார்ப்பதுதான் வேலை என்றால் பார்க்க ஆளா இல்லை? காலையும் மாலையும் இதே நாற்காலிகளைத் தேய்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே!

அவள் கடையில் யாரும் கிடைத்த இடத்தில் உட்காருவதில்லை. வெளிநாட்டில் பெர்த் நகரத்தில் இருக்கும் மகளோடு பேசவரும் ரிட்டயர்டு கிளாரன்ஸுக்கு மூன்றாம் நம்பர். மகளுக்கு வரன் பார்க்கும் ஆட்டோ டிரைவர் கோவிந்தப்பாவுக்கு ஜன்னலோரம். கேக் செய்து விற்கிற, பெட்டி என்று பெயர்கொண்ட ஆன்ட்டிக்கு ஐந்தாம் நம்பர், அதில்தான் கேக் படமெல்லாம் நன்றாகத் தெரியுமாம். மற்ற மூன்றுக்கும் இப்படியே சொந்தக்காரர்கள் உண்டு. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் தொங்கிப்போகும். அத்தனை பேரையும் கூப்பிட்டு பிரபா சொன்னாள்:

“இது உங்க மிஷின், உங்க மிஷின்னு உரிமை கொண்டாடறீங்க இல்ல? இனிமே நீங்களே பாத்துக்குங்க. சனிக்கிழமை சனிக்கிழமை ஹெல்ப் மெனுவத் தொறந்து உங்ககிட்ட இருக்கற நம்பரப் பாருங்க, அதச் செஞ்ச கம்பெனி சைட்ல இருக்கற நம்பரப் பாருங்க. வேற வேறயா இருந்தா என்னைக் கூப்புடுங்க. புதுசு போடறதுக்கு பாஸ்வேர்டு நான் போடறேன்.”

“நான் என்ன எஞ்சினியராம்மா?” என்றார் கிளாரன்ஸ்.

“நம்பர் படிக்கத் தெரியும் இல்ல அங்கிள், அது போதும்.”

ஒரு மாதத்தில் சனிக்கிழமை கடை திருவிழாவாகிவிட்டது. “உன்னுது ஆச்சா? என்னுது காலையிலயே முடிஞ்சுது குரு!” என்று, எல்லாரையும் ‘குரு’ என்றே கூப்பிடும் கோவிந்தப்பா மார்தட்டுவார். பெட்டி ஆன்ட்டி தன் கம்ப்யூட்டர் பெட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

அந்தப் பெட்டி ஆன்ட்டிதான் வம்பை இழுத்துவைத்தாள். கம்பெனிக்காரர்கள் இன்னும் வேலை முடியாத பதிப்பை வெள்ளோட்டம் விடும்போது அதற்கு ‘பீட்டா’ என்று பெயர் போடுவார்கள். தெருவில் உருது பேசுகிறவர்கள் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் ‘பேட்டா’வுக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான். பிரபா கூட்டத்தில் பாஸ்வேர்டு மட்டும் அடித்துவிட்டு நகர்ந்த நேரத்தில் பெட்டி ஆன்ட்டி சைட்டில் இருந்த ஒரு பீட்டா பதிப்பைப் போட்டாள். ஐந்தாம் நம்பர் அப்படியே உறைந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் பாலகுமார் படியேறி வந்தான்.

“இன்னா ஆன்ட்டி பண்ணீங்க?” பிரபா ஓடிவந்தாள்.

“பேட்டான்னு எவ்ளோ அன்பாக் கூப்ட்டுக்கீறான். எப்படிம்மா வேணாங்கறது?”

“வைரஸா?” என்றான் பாலகுமார்.

“இல்லண்ணா. ஆன்ட்டி பண்ண அவசரம்.”

அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பிரபா மிஷினை அணைத்து எழுப்பி, பீட்டாவைப் பிடுங்கி எறிந்து, ஒழுங்கான பதிப்பைப் போட்டாள். ஐந்தாம் நம்பர் பழையபடி ஓடியது. பாலகுமார் இறங்கிப்போனான். பேட்டா என்று யார் கொஞ்சினாலும் தொடக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போடப்பட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு வாழ்த்து வீடியோ ஊரெல்லாம் மெயிலில் சுற்றியது. திறந்தால் பழைய பிளேயரின் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து மிஷினையே சுருட்டிவிடும். சுற்றுவட்டத்து சென்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. “யாரும் வாழ்த்தைத் தொறக்காதீங்க!” என்று பிரபா கத்திக்கொண்டிருக்கும்போதே, மகள் பெயரில் வந்திருக்கிறதே என்று கிளாரன்ஸ் அமுக்கிவிட்டார்.

கடையே மூன்றாம் நம்பரைச் சுற்றி வந்து நின்றது. மூன்றாம் நம்பரின் பிளேயர் ஒரு விநாடி யோசித்தது. பிறகு, இந்த ஃபைலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை கிளாரன்ஸே கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நம்பர் பார்த்துப் புதுசு போடவைத்த பிளேயர் அது.

“நான் போட்டது!” என்று கிழவர் எழுந்து நின்றுவிட்டார். பெட்டி ஆன்ட்டி கைதட்டினாள். பிரபாவுக்கு அழுகை வந்தது. தன் கடையை நினைத்து அவ்வளவு பெருமையாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாள் பாலகுமார் வந்தான். அவன் ஆபீசில் மிஷின் எல்லாம் விழுந்துவிட்டது, அவசரமாக மெயில் அனுப்ப வேண்டும். உட்கார இடமில்லை, மற்ற சென்டர் ஆட்களெல்லாம் இங்கேதான் வரிசையில் நின்றார்கள்.

“இன்னா சாஃப்ட்வேர் போட்டிருக்க?” என்றான்.

“சாஃப்ட்வேர் இல்லண்ணா. இவங்கதான்.”

அவன் ஆறு நாற்காலியையும் ஒருமுறை பார்த்தான். “எனக்கொண்ணு குடேன். நானும் சனிக்கெழம வந்து பாத்துக்கறேன்.”

“ஆறுக்கும் ஆள் ஆயிடுச்சு,” என்றாள் பிரபா. “வேணும்னா ஏழாவது வாங்கிப் போடு.”

அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். மறுவாரம், தானே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, ஜன்னலுக்கு எதிரில் மேஜை போட்டு ஏழாவதை இறக்கிவைத்தான்.