பன்னிரண்டாவது தலை

டெஸ்ஸா ஓல்ஸ்டாடுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணுவாள். உதடு அசையாது. வலதுகையின் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து தொடையில் லேசாகத் தட்டும். ஐந்து தலைக்கு ஒரு தட்டு. கறவைக் கொட்டகைக்குள் மாடுகள் வரிசையாக நுழையும்போது எண்ணிப் பழகிய கை. எண்பத்து மூன்று மாடுகளுக்குப் பதினாறு தட்டு, மிச்சம் மூன்று. குறைந்தால் எங்கோ வேலி அறுந்திருக்கிறது. தேவாலயத்திலும் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்திலும்கூட அந்த இரண்டு விரல்கள் சும்மா இருப்பதில்லை.

அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, பனி இன்னும் உருகாத பிப்ரவரியில், அடுத்த ஆண்டுப் பாடங்களைக் கேட்கும் நீலத் தாள் வந்தது. ஏழு கட்டங்கள். ஆறை ஒரே மூச்சில் நிரப்பினாள். ஏழாவதில் 'ஏ.பி. கால்குலஸ்' என்று எழுதி, அதன்மேலேயே இன்னொரு முறை எழுதினாள். ஏ.பி. என்றால் கல்லூரித் தரப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. அதைப் படித்தவர்களைக் கல்லூரிகள் தனியாகக் கவனிக்கும்.

மறுநாள் பாட ஆலோசகர் மிஸஸ் ப்ரோகாப் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய இரும்புப் பலகை. அதில் காந்த வில்லைகள். ஒவ்வொரு வில்லையும் ஒரு வகுப்பு, ஒவ்வொரு வரிசையும் ஒரு பீரியட்.

"கால்குலஸ் நடக்காது, டெஸ்ஸா. உன்னையும் சேத்து ஆறு பேர்தான் கேட்டிருக்கீங்க. பன்னெண்டு பேர் இல்லாம வகுப்பு கிடையாது."

"பன்னெண்டா?"

"பன்னெண்டு. ஆனா இதுல உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. கல்லூரிக்கு நான் அனுப்புற தாள்ல என்ன கேக்கறாங்க? இந்தப் பள்ளியில கிடைச்சதுல கஷ்டமான பாடத்தை இந்தப் பொண்ணு எடுத்தாளான்னு. கிடைக்காததை எடுக்கலன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. புள்ளியியல் எடு, 'ஏ' வாங்கு. தாள் பளிச்சுனு இருக்கும்."

"தாள் பளிச்சுனு இருக்கும். நான் அங்க போய் முழிச்சிட்டு நிப்பேன்."

போன இலையுதிர் காலத்தில் மாடிசனுக்குப் போயிருந்தாள். பொறியியல் படிக்க விரும்புகிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டிய நாள் அது. "கால்குலஸ் எடுத்தவங்க, எடுக்கப்போறவங்க கை தூக்குங்க" என்று யாரோ கேட்டார்கள். முப்பத்து நான்கு பேரில் முப்பத்தொரு கைகள். அவள் கை மேசைக்கடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் பன்னெண்டு பேரைக் கொண்டுவந்தா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுவா. பாக்கலாம்."

புதன்கிழமைக்குள் பத்து பேர் சேர்ந்தார்கள். சும்மா சேரவில்லை. பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதும் விக்டரை அவனுடைய வாத்தியப் பெட்டி மேலேயே உட்கார்ந்து மடக்கினாள்.

"விண்ணப்பத்துல எழுத டிராம்போனைத் தவிர உன்கிட்ட என்ன இருக்கு?"

"அது ஒண்ணாவது இருக்கேன்னு சந்தோஷமா இருந்தேன். எந்திரி, மூடி நசுங்குது."

"கையெழுத்து போடு, எந்திரிக்கிறேன்."

போட்டான்.

மிச்சம் இரண்டு. பள்ளியில் அந்தக் கணக்கைத் தாங்கக்கூடிய வேறு இரண்டு தலைகள் ராட்ஸ் இரட்டையர்தான்: கோல்பியும் டர்க்கும். இருவரும் வெல்டிங் பட்டறையில் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார்கள்.

"போன பரிட்சையில உன்னைவிட எனக்கு மூணு மார்க் கூட" என்றான் கோல்பி. "பயந்துட்டு வரலன்னு நினைக்காத. கால்குலஸ் வெச்சா நாலாவது பீரியட்லதான் வெப்பாங்க. அப்ப எங்களுக்கு வெல்டிங். அதை விட்டோம்னா எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் சேத்து வெல்டு வெச்சிருவாரு."

"வேற நேரத்துல வெச்சா?"

"வெய்யேன், காலையில ஆறே முக்காலுக்கு" என்று டர்க் சிரித்தான். "ஓடி வரோம்."

அவள் சிரிக்கவில்லை. "சொன்ன சொல் மாறக் கூடாது" என்று தாளை நீட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கையுறையைக் கழற்றினார்கள்.

கணக்கு ஆசிரியர் விட்காம்ப் காபிக் கோப்பையைப் பிடித்தபடி, "ஆறே முக்காலுக்கு எனக்கு என் பேரே ஞாபகம் வராதேம்மா" என்றார்.

"பேர் வேணாம் சார். கணக்கு ஞாபகம் வந்தா போதும்."

அவரும் ஒப்புக்கொண்டார். இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அம்மா ஐந்து மணிக்கே மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிவிடுவார். நாலரைக்குத் தொடங்கி ஏழு வரைக்கும் நடக்கும் காலைக் கறவையில் அப்பாவும் டெஸ்ஸாவும் மட்டும்தான். வியாழன் மாலை, கறவைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, காலைக் கறவையை மூணே முக்காலுக்கு மாத்தணும்."

"மாட்டுக்கிட்ட சொல்லிட்டியா?"

"மாடு ஒரு வாரத்துல பழகிடும். உங்களுக்குத்தான் ரெண்டு வாரம் ஆகும்."

"கணக்குப்பிள்ளைக்கு வாய் நீண்டு போச்சு." குழாயை உதறினார். "காலையில முன்னாடி போனா சாயங்காலக் கறவையும் முன்னாடி வரும். யோசிச்சியா?"

"மூணே காலுக்குப் பள்ளி விடுது. பஸ்ஸுக்கு நிக்காம பழைய ட்ரக்குல வந்துடறேன். காலையில ஆறேகாலுக்குக் கறந்து முடிச்சா, ஆறே முக்காலுக்கு வகுப்புல இருப்பேன்."

"எல்லாம் முடிவு பண்ணிட்டு வந்து கேக்கற."

"கேக்கறேன் இல்ல?"

அப்பா அடுத்த மாட்டின் மடியைத் துடைத்தார். அதற்கடுத்ததையும் துடைத்தார்.

"அந்த மாடிசன் கூட்டத்துல எத்தனை கைன்னு சொன்ன?"

"முப்பத்து நாலுல முப்பத்தொண்ணு."

"அங்கயும் எண்ணிட்டுத்தான் இருந்திருக்க" என்றார். பிறகு, "ட்ரக்குல ஹீட்டர் வேலை செய்யாது. கம்பளி எடுத்துக்கோ."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு தாள்கள் மிஸஸ் ப்ரோகாப்பின் மேசையில் இருந்தன. அவர் இரண்டு முறை எண்ணினார். ஒரு காந்த வில்லையை எடுத்து, பலகையின் முதல் வரிசைக்கும் மேலே, கோடே இல்லாத இடத்தில் 'டக்'கென்று ஒட்டினார்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. முதல் வாரம் விக்டர் வரவில்லை; டிராம்போனே போதும் என்றுவிட்டான். இரண்டாம் வாரம் ஒரு பெண் மேசைமேல் தலை வைத்துத் தூங்கினாள், மறுநாள் பெயரை வெட்டிக்கொண்டாள். டெஸ்ஸாவின் விரல்கள் தட்டின: இரண்டு தட்டு, மிச்சமில்லை. அன்றிலிருந்து தினமும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ராட்ஸ் இரட்டையர் நுழையும்வரை அவளுக்குப் பலகையில் எழுதியது எதுவும் ஏறாது.

விஸ்கான்சினில் செப்டம்பரின் மூன்றாம் வெள்ளிதான் பள்ளிகளில் தலை எண்ணும் நாள். அன்று ஆறே முக்காலுக்கு மிஸஸ் ப்ரோகாப் அட்டையோடு வாசலில் வந்து நின்றார். பேனா முனையால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். டெஸ்ஸாவின் விரல்கள் தொடையில் தட்டின. அவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமையும் வகுப்பு நடந்தது. மே மாதம்வரை நடந்தது. அரையாண்டில் டெஸ்ஸாவின் பளிச்சென்ற தாளில் முதல் 'பி' விழுந்தது. ஜனவரிக் கடைசியில் மாடிசனிலிருந்து, சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது.

மிஸஸ் ப்ரோகாப் ஓய்வுபெற்ற பிறகுதான் இது வெளியே தெரிந்தது: ஒரு வகுப்பு நடக்க, எண்ணும் நாளில் பத்து பேர் இருந்தால் போதும் என்பதுதான் எப்போதுமே விதி. பன்னிரண்டு என்பது, நடுவில் விலகப்போகிறவர்களையும் சேர்த்து அவராகச் சொல்லிவந்த எண். இருபத்தாறு வருடமாக, வகுப்பு கேட்டு வந்த எல்லோரிடமும் அவர் அப்படியேதான் சொல்லியிருக்கிறார்.