ஒரு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்

இடைவேளை மணி அடித்து, ஆசிரியர் அறையில் தேநீரை எடுத்தபோது மகளின் அழைப்பு வந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுதியில் இடம் கிடைக்காததால் வவுனியாவில் ஒரு வீட்டின் பின்னறையில், வேறு இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள்.

"அம்மா, பதறாதேங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் எங்களை அறையைவிட்டு எழும்பட்டாம். வீட்டுக்கார அன்ரியின்ர தங்கச்சி கனடாவிலயிருந்து வாறாவாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள் அவளுக்குப் பரீட்சை தொடங்குகிறது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் தேநீரைப் புத்தகங்களில் சிந்தினேன். கடைசி யுத்தத்தில் இருந்த இடத்தைவிட்டு எங்களை எத்தனை தடவை எழும்பச் சொன்னார்கள் என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சொன்னவர்களும் சாதாரணமாகத்தான் சொன்னார்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது கணவர் உழவு மெசினுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

"இனி வாடகை வேண்டாம். வவுனியாவில ஒரு வீடு வாங்குவம்" என்றேன்.

"நாலு வருசப் படிப்புக்கு வீடே?"

"பிறகு அவளுக்குத்தானே."

"வாங்கிறதெண்டால் இந்த மெசினைத்தான் விக்கோணும். காலபோக விதைப்புக்கு நான் மண்வெட்டியோட வயலுக்க நிக்கிறதே? பாத்தால் கொக்கெண்டு நினைப்பினம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிறீஸ் கையைத் துணியில் துடைத்தார். "சரி, போய்ப் பார். ஆனால் காணி எழுத்தை வடிவாய்ப் பார்" என்றார்.

எங்கள் பாடசாலையில் ஒருவருக்குத் தெரிந்த தரகர் வவுனியாவில் ஒரு வீடு இருப்பதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் லீவு போட்டேன். கதவருகே ஆணியில் தொங்கும் பையையும் எடுத்துக்கொண்டேன். பிறப்புப் பத்திரங்கள், என் சான்றிதழ்கள், எங்கள் காணிக்கு அரசு தந்த பெர்மிற் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வீட்டில் எது எங்கே கிடந்தாலும் அந்தப் பை மட்டும் இடம் மாறாது. எங்கள் ஊர் விசுவமடுவிலிருந்து பரந்தன் போய், அங்கே பஸ் மாறினேன். வழி முழுக்கப் பை மடியில் இருந்தது.

மகள் பஸ் நிலையத்தில் நின்றாள். தாங்கள் மூவரும் வேறு ஓர் அறை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நான் அதைக் காதில் போடவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன்.

இரண்டு அறை, ஒரு விறாந்தை, சின்னக் குசினி. கிணற்றில் தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உவர்ப்பில்லை. கதவுகளுக்கு உள்பக்கம் நல்ல கொண்டி இருந்தது. இங்கே என் பிள்ளையை ஒருவரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கொண்டியை இரண்டு தடவை போட்டுத் திறந்தேன்.

விற்கிறவர் விறாந்தையில் கதிரை போட்டு, கடதாசிகளைப் பரப்பி வைத்திருந்தார். அன்றே முற்பணம் கொடுத்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். பெர்மிற்றின் பிரதியைப் பார்த்தேன். அதில் இருந்தது அவருடைய பெயர் இல்லை.

"இது ஆர்?"

"அண்ணர். அவர் இல்லை. வன்னிக் காணியெல்லாம் இப்பிடித்தானே ரீச்சர். நீங்களும் அங்காலத்து ஆள்தானே, தெரியாததே?"

மகள் குறுக்கே கேட்டாள். "இல்லை எண்டால், செத்திட்டாரோ, காணேல்லையோ?"

"காணேல்லை."

"அவற்ர மனிசி?"

"அண்ணியோ? இருக்கிறா, எங்கையோ." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை சட்டம் படிக்குதோ?"

"கணக்கியல்" என்றாள் மகள், சிரிக்காமல்.

எனக்குத் தெரியாதது இல்லை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பிய அன்று எங்கள் குசினியில் வேறொருத்தி சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு கடிதம் இருந்தது. வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லி யாரோ அவளுக்கு விற்றிருந்தார்கள். காசு கொடுத்துத்தான் வந்தவள். நான் இந்தப் பையிலிருந்து பெர்மிற்றை எடுத்துக் காட்டி, எழும்பச் சொன்னேன். அவள் வேகாத சோற்றைப் பானையோடு இறக்கினாள். இரண்டு பிள்ளைகள் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இவ்வளவும் நினைவில் வந்தது. வந்தபிறகும் நான் பேனையை எடுத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் கதவுக் கொண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றாள் மகள், மெல்ல. "அந்த மனிசி ஒருநாள் பெர்மிற்றோட வந்து நிண்டால்?"

நாங்கள் விசுவமடுவுக்குத் திரும்பியபோது அவளுக்கு ஆறு வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றவள். அவள் மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பேனையை மூடினேன்.

"இண்டைக்கு விட்டால் நாளைக்கு வேற ஆள் வரும் ரீச்சர்" என்றார் அவர்.

"வரட்டும்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

பிள்ளைகள் பார்த்துவைத்த அறைக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற தாதி, தனியாக இருக்கிறா. அறையில் மூன்று கட்டில்களும் ஓர் அலுமாரியும் இருந்தன. எல்லாம் பேசி முடிந்தபிறகு நான் ஒரு கொப்பித் தாளை எடுத்து எழுதினேன்: அறையை விடச் சொல்வதானால் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகளின் பெயரையும் போட்டு, அவாவிடம் நீட்டினேன்.

"ரீச்சர், நீங்கள் அறை கேட்டு வந்தனீங்களோ, காணி உறுதி முடிக்க வந்தனீங்களோ?"

"கோவிக்காதேங்கோ. ஒரு கையெழுத்துத்தான்."

"திடீரெண்டு நான் செத்தால்? அதுக்கும் ஒரு மாசத்துக்கு முதல் சொல்லோணுமே?"

மகள் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தாள். நான் தாளை நீட்டியபடியே நின்றேன்; பிறகு அவா பகிடி விடவில்லை. கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசிப்பவர்போல் நிதானமாக வாசித்துக் கையெழுத்து வைத்தா. திகதியையும் தானே போட்டா.

நான் வீட்டுக்கு வந்து சேரக் கணவர் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெசின் நிக்கட்டோ, போகட்டோ?"

"நிக்கட்டும்."

தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "ஒரு மாசம்" என்றார். "எங்களுக்கு இப்பிடி ஆர் தந்தது?"

பெர்மிற்றுக்குப் பக்கத்தில் அதை மடித்து வைத்து, பையைப் பூட்டி, பழையபடி கதவருகே ஆணியில் தொங்கவிட்டேன்.