படகோட்டிக்கு நீச்சல் தெரியாது

எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த உத்தியோகம் படகோட்டி. அப்போது எனக்குப் பத்து வயது. நீச்சல் தெரியாது, துடுப்புப் பிடிக்கத் தெரியாது. நன்றாகப் பாட வரும், அவ்வளவுதான். அந்த உத்தியோகத்தைப் போட்டுக் கொடுத்தவர் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. டிப்ளமோவில் நாலைந்து பாடங்களைப் பாக்கி வைத்துவிட்டு, சொந்த ஊரான கல்லாவியில் கடலைக்காட்டு வேலையும் பிடிக்காமல், ஓசூரில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு வேலை தேடி வந்து உட்கார்ந்துகொண்டார். வேலை தேடியது போக மீதி நேரம் அவருக்கு நிறையவே இருந்தது. ஒருமுறை பெங்களூரில் காலேஜ் படிக்கும் சிநேகிதனைப் பார்க்கப் போனவர், அங்கே பையன்கள் ஆடிய ஏதோ வெளிநாட்டு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து அக்காவுக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. என் லூடோ பெட்டியில் இருந்த பகடையும் ஒரு பழைய நோட்டும் சித்தப்பாவின் வாயும் போதும். முதலில் உருட்டினால் தொழில் வரும்: வைத்தியர், கொல்லர், படகோட்டி, திருடன், இப்படி ஆறு. மறுபடி உருட்டினால் திறமை வரும். அப்புறம் சித்தப்பா கதை சொல்லிக்கொண்டே போவார். நடுவில் நிறுத்தி, இப்போது நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார். கையில் இருக்கிற திறமையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். தொழிலுக்கும் திறமைக்கும் சம்பந்தமே இருக்காது. அதில்தான் அவருக்குச் சந்தோஷம். படகோட்டியான நான் இரண்டாம் நாளே கதையில் கெலவரப்பள்ளி அணையில் முழுகிப்போனேன். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியதால் உயிர் கொடுத்தார்.

அக்காவுக்கு வந்தது திருடன். திறமை, காயத்துக்குக் கட்டுப் போடுவது.

“திருடனுக்குக் கட்டுப் போடத் தெரிஞ்சு என்னா பண்றது சித்தப்பா? பூட்டுத் தெறக்கறத குடுங்க.”

“வந்தது வந்ததுதான். பகட சொன்னா மாத்தக் கூடாது.”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கோட்டைக் காவலாளி ஒருவன் காலில் அடிபட்டுக் கிடக்கிறான் என்று கதையில் வந்ததும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகக் கட்டுப் போட்டுவிட்டு, இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டாள். அப்படித்தான் மூன்று வாரத்தில் நாங்கள் ஒரு பெரிய இரும்புக் கதவு வரை போய்ச் சேர்ந்தோம். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை நாளைக்குச் சொல்கிறேன் என்று சித்தப்பா நோட்டை மூடினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அப்பா கம்பெனியிலிருந்து ஒரு ஃபாரத்தோடு வந்தார். அவர் வேலை பார்த்தது வண்டிகளுக்கு மீட்டர் செய்யும் கம்பெனி. அங்கே முள் பொருத்தும் பிரிவில் புதிதாக ஆள் எடுக்கிறார்களாம். மயிரிழை மாதிரி ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்து உட்கார வைக்கிற வேலை. ஆணானாலும் பெண்ணானாலும் சரி. பழைய தொழிலாளிகள் வீட்டுக்கு ஒரு பெயர் கொடுக்கலாம், ஒன்றே ஒன்று.

அந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்பதை எங்கள் லைனில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அக்கா அந்த வருஷம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அப்பாவின் கைக்கடிகாரம் நின்றுபோனபோது ஊசியை வைத்து அதைத் திறந்து ஓட வைத்தவள். அதைக் கம்பெனி முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டவரும் அப்பாதான். சித்தப்பாவோ டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் கீழே இருக்கும். ஆனால் அவர் ஆண்பிள்ளை. வேலை இல்லாவிட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள். அக்கா எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். பர்கூரில் கல்குவாரியில் இருந்த தாய்மாமன் தை மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்கச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை அவள் தம்பி.

அன்று துணி துவைக்கும்போது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“இந்த வேல மட்டும் கெடச்சா கல்யாணம் இப்போ வேணாம்னு அப்பாவே சொல்லிடுவாரு. எனக்கு அங்க போவ இஷ்டமில்ல பாப்பா.”

சித்தப்பாவும் சொன்னார், என்னிடம் அல்ல, அப்பாவிடம். வேலை தனக்கில்லை என்றால் திங்கட்கிழமை கல்லாவிக்கு பஸ் ஏறிவிடுவாராம். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

அப்பாவுக்குத் தம்பி கோபித்துக்கொள்ளவும் கூடாது, மகள் அழவும் கூடாது. அதனால் சாமி தலையில் போட்டார். வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்பு அரளி தம்பிக்கு, வெள்ளை நந்தியாவட்டை மகளுக்கு. கோயிலில் கூட்டம். பூசாரி இரண்டு வாழையிலைத் துண்டையும் நாரையும் அக்காவிடம் கொடுத்து, நீயே கட்டு தாயி என்று சொல்லிவிட்டார். அவளுடைய வேலையை அவள் கையாலேயே கட்டச் சொல்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கோயிலில் பொட்டலத்தை எடுப்பது எப்போதும் குழந்தைதான். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். வெள்ளைப் பூ வைத்த பொட்டலத்தில் மட்டும் நார் ஒரு விரல் நீளம் தொங்கியது. அக்கா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். மூக்கு ஒழுகுகிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். குழந்தைக்குக் கள்ளம் கிடையாது, நீ எடும்மா என்று என்னைக் கூப்பிட்டார். எது யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதில் எனக்கு ஒரே பெருமை. சித்தப்பா ஊருக்குப் போய்விட்டால் இரும்புக் கதவை யார் திறப்பார்கள்? நார் தொங்காத பொட்டலத்தை எடுத்தேன்.

சிவப்பு. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அக்கா மீந்த பொட்டலத்தை எடுத்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல எனக்குத் தலை பின்னி விட்டாள்.

கதவு திறக்கவே இல்லை. சித்தப்பாவுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறியது. வந்ததும் படுத்துவிடுவார். ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். “எந்தக் கதவு?” என்று கேட்டார். ஸ்பிரிங்கை உடைத்து உடைத்து, கடைசியில் அவரை அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். கதை சொல்லி அப்புறம் நான் கேட்டதில்லை. அக்கா தை மாதம் பர்கூர் போனாள். மாமா கெட்டவர் இல்லை. குடிப்பார், அடிப்பார், மறுநாள் பூ வாங்கி வருவார். அந்தத் தெருவில் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் அக்காவிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சரி பண்ணிக் கொடுத்தால் ஒரு டம்ளர் காப்பி கொடுப்பார்களாம்.

என் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு அக்கா வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டினாள். ஒவ்வொரு சரத்தை முடிக்கும்போதும் நுனியைப் பல்லால் கடித்து ஒட்ட அறுத்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாவாடை நாடாவோ பொட்டலமோ, எதைக் கட்டினாலும் நுனி தொங்க விடமாட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நாரை நானாகக் கண்டுபிடித்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் அதை அவள் தொங்க விட்டிருக்கிறாள். அப்பாவிடம் கேட்க முடியாததை, அம்மாவிடம் கேட்க முடியாததை, பத்து வயதுப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள்.

அவள் கேட்டது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நான் சொன்ன பதில் அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும்.