முப்பத்தொன்றாவது தலை

பிடரியில் கத்தி ஓடும்போதுதான் சலூன்காரர் உள்ளறைப் படங்களைப் பற்றி ஆரம்பிப்பார். ஆள் எழுந்து ஓட முடியாது அல்லவா!

"ஆடாதீங்க. மேல் வரிசையில மூணாவது இருக்கான் பாருங்க, தச்சர் மகன். முடி கம்பி மாதிரி நிக்கும். ஒரு குடம் தண்ணி ஊத்துனாலும் படியாது."

நாற்காலியில் இருப்பவர் தலையை அசைக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருக்கும். உள்ளே சுவர் நிறையப் படங்கள், எல்லாம் போரில் மாண்ட உள்ளூர்ப் பையன்கள். முன்னால் சலூன், பின்னால் அருங்காட்சியகம். அதனால் ஊரார் அவருக்கு வைத்த பெயரே மியூசியம். "மியூசியத்துல போய்த் தலையைக் குறைச்சுட்டு வந்துடறேன்" என்று ஒருவர் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினால் இங்கே யாரும் சிரிப்பதில்லை.

அந்த அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாக இருந்தது. இப்போது ஓர் அலமாரியில் நசுங்கிய தண்ணீர்க் குப்பி, சட்டைப் பொத்தான்கள், வீட்டுக்கு எழுதிய கடிதக் கட்டுகள், ஒற்றை பூட்ஸ். எல்லாம் அந்தந்தக் குடும்பங்கள் மனசு வந்து கொடுத்தவை. தினமும் கடை திறந்ததும் பழைய நாளிதழைக் கசக்கி ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பார். தண்ணீர் தெளிப்பது, வாடிக்கையாளர் தலைக்குத் தெளிக்கும் அதே பாட்டிலால்தான். யாராவது ஒத்தாசைக்கு வந்தால் பிடிக்காது. "உங்களுக்கு அழுத்தம் தெரியாது" என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவார்.

தலைகளைப் பற்றி அவர் அளப்பதெல்லாம் வெறும் கதை இல்லை. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன், பட்டாளத்துக்குக் கிளம்பிய பையன்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிட்டவர் அவர்தான். அப்போது பத்தொன்பது வயது, தொழில் பாதிதான் கைக்கு வந்திருந்தது. தானும் சேரத்தான் போனார். ஒரு கால் கொஞ்சம் குட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனவர்களில் முப்பத்தொரு பேர் வரவேயில்லை. "அத்தனை பேரும் என் கையில தலை குனிஞ்சவங்க. நான் மட்டும் இங்க உக்காந்து மீசை ஒதுக்கிக்கிட்டிருக்கேன்" என்பார். சொல்லிவிட்டு, சும்மா இருக்கும் கத்தியை எடுத்துத் தீட்டுவார்.

சுவரில் தொங்குவது முப்பது படம். ஒவ்வொன்றின் கீழும் பேர், தொழில், பிறந்த நாள், இறந்த நாள் என்று நாலு வரியில் ஒரு சீட்டு. சீட்டுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவர் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற தட்டச்சர். ஓர் எழுத்து பிசகினாலும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிப்பார். முப்பத்தொன்றாவது ஆள் அந்த அக்காவின் சொந்தத் தம்பி. அந்தச் சீட்டை மட்டும் அவர் அடித்துத் தரவில்லை, வீட்டிலிருக்கும் படத்தையும் தரவில்லை. இவரும் வாய் திறந்து கேட்டதில்லை.

போன வருடம் சலூன்காரருக்கு இரண்டு தடவை நெஞ்சு வலி வந்துபோனது. அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கிளம்பும் நாளில் எல்லோரும் சலூன் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம் அவரிடம் இருந்தது. அதில் அந்த முப்பத்தொன்றாவது பையன் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்துத் திரும்பிவிட்டிருந்தான், பின்மண்டைதான் விழுந்திருந்தது. உச்சியில் இரட்டைச் சுழி. முடிவெட்டுகிறவனுக்கு முகம் எதற்கு! அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பேரையும் தொழிலையும் தேதிகளையும் தன் கையாலேயே எழுதி மாட்டிவிட்டார். இறந்த நாளுக்கு, படைப்பிரிவு கடைசியாகச் சண்டையிட்ட தேதி.

அக்கா வந்தார். பெருமை தாங்காமல் இவர்தான் உள்ளே கூட்டிப்போனார். அக்கா வெகுநேரம் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன்தான். தலை துவட்டிவிட்டவளுக்குத் தெரியாதா? ஆனா காணோம்னுதான் பட்டாளத்துலருந்து கடுதாசி வந்துச்சு. செத்துட்டான்னு வரல. நீ எப்படி எழுதுன?"

அக்கா வாசலைத் தாண்டுவதற்குள் இவர் படத்தைக் கழற்றிவிட்டார். அப்புறம் நாலு மாதம் அக்கா அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் புலம்பினார். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. குடும்பங்கள் புதிதாகக் கொடுத்த கடிதங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது. தன் கையால் எழுதவும் மனம் வரவில்லை. அவை சீட்டில்லாமலே கிடந்தன.

ஒரு நாள் காலை, கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அக்கா வந்து காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பேர், தொழில், பிறந்த நாள். நாலாவது வரியில், 'காணவில்லை.'

"உள்ள வேண்டாம். அவன் படத்தை இங்க மாட்டு, இந்த பெஞ்சுக்கு மேல" என்றார். வீட்டில் முகம் தெரிகிற படம் இருக்கிறதே, அதைக் கொடுங்கள் என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா தலையாட்டி மறுத்தார்.

"துண்டை மறந்துட்டுப் போறானேன்னு அன்னிக்குப் படம் எடுக்கறப்ப பின்னாடி வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அதுக்குத்தான் திரும்புனான். இதுவே இருக்கட்டும்."

அவர் அழுதார், இவரும் அழுதார். அதைச் சொல்ல இவருக்கு வெட்கமில்லை.

இப்போது பெஞ்சுக்கு மேல் அந்த இரட்டைச் சுழி இருக்கிறது. முடிவெட்ட வந்தவர்கள் அதன் கீழே உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறார்கள். ஒரு தலை முடிந்ததும் அவர் வெள்ளைத் துணியை வாசலில் உதறிவிட்டு, அடுத்தவரை அழைக்க பெஞ்சுப் பக்கம் திரும்புகிறார். பெஞ்சில் ஒருவரும் இல்லாத நாட்களிலும் அப்படித்தான். உதறிய துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்து, கொஞ்ச நேரம் நிற்கிறார்.