குலுங்காத வண்டி

ஸ்பிரிங் வைத்த பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்பது, வீட்டில் திட்டு வாங்குவதற்கென்றே ஏற்பட்ட தொழில். திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கிறேன். இடம் போதாமல் படுக்கையறையிலும் இரண்டு வண்டி நிற்கிறது. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பழைய சைக்கிள் ஃபோர்க் கிடக்கிறதென்றால், நம் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பலகை வண்டி

ஒருமுறை சீட்டுக்குக் கீழே குழாயே இல்லாத வண்டி ஒன்று கிடைத்தது. முன்பக்கத்திலிருந்து நீண்டு வரும் பலகையின் நுனியில் சீட் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் பலகை வளைந்து கொடுக்கும். முதுகுக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்களெல்லாம் குழாயைக் காணோமே என்று குனிந்து தேடுவார்கள்.

மீன்பிடிக்கப் போகும் என் பள்ளித் தோழன் தேசிங்கு அதை ஆசையாக வாங்கிப் போனான். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். "மச்சான், நாளெல்லாம் போட்டுல ஆடிட்டு வரேன். கரையிலயாவது ஆடாத வண்டி ஒண்ணு குடுடா."

டம்ளர் தண்ணீர்

சிதம்பரத்திலிருந்து தையல்காரர் முருகையன் வந்தபோது, பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த வண்டி ஒன்று கடையில் இருந்தது. அதுமாதிரி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பாண்டிச்சேரியில் பழைய சைக்கிள் சேர்க்கும் ராஜவேலு சார் அதற்குச் சொல்லி வைத்திருந்தார். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்றார், நானும் தலையாட்டியிருந்தேன்.

முருகையன் கேரியரில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, வண்டியைத் தெருவில் மேடுபள்ளம் பார்த்துத் தள்ளினார். பாதி கொட்டிவிட்டது. அவர் முகமும் வாடிவிட்டது. மனைவி மல்லிகாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். குலுங்காமல் வெளியே போய்வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆட்டோவில் ஏறினாலே வலியில் அழுகிறாராம். கல்யாணமான புதிதில் இருவரும் தினமும் சாயங்காலம் தேரோடும் வீதிகளை சைக்கிளில் சுற்றியவர்கள்.

கோளாறு எனக்குத் தெரிந்தது. கேரியர் பின்சக்கரத்தோடு சேர்ந்து குதித்தது. அதைக் கழற்றி, சீட் நிற்கிற ஃப்ரேமோடு பற்றவைத்தால் குதிப்பதை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆனால் பற்றவைத்த வண்டியை எந்த சேகரிப்பாளரும் தொடமாட்டார். சார் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் பற்றவைத்தேன். இந்தத் தடவை தண்ணீர் தளும்பியது, கொட்டவில்லை. வண்டி முருகையனோடு சிதம்பரம் போனது.

ஒரு வாரம் கழித்து முருகையன் போன் செய்தார். "அண்ணே, கீழவீதி வரைக்கும் போலாம்னுதான் கெளம்புனோம். நாலு வீதியும் சுத்திட்டு, இன்னொரு சுத்துன்னு கேக்கறா."

சார் வந்தார்

ராஜவேலு சாரிடம் நான் மறைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். மறுநாள் கடைக்கே வந்து, "வண்டியக் காட்டுங்க" என்றார். இருவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம்.

மேலவீதியில் காத்திருந்தோம். முருகையன் மெதுவாக மிதித்து வந்தார். பின்னால் மல்லிகா, ஒரு கை அவர் இடுப்பில், மடியில் பூப்பொட்டலம். எதிரே வேகத்தடை. சார் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சட்டென்று ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. ஏதோ சொல்லிக்கொண்டு வந்த மல்லிகா, பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

சார் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். "ஆத்திரமாத்தான் வந்தேன். வீட்டுல முப்பது வண்டி வச்சிருக்கேன். அதுல ஒண்ணுலகூட ஸ்பிரிங் அமுங்கி நான் பாத்ததில்ல."

இப்போதெல்லாம் கடைக்கு எந்த அபூர்வ வண்டி வந்தாலும், அதை ஓட்டாமல் வைத்தால் பிடிக்கும் துருவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்கிறேன் நான், என் வெல்டிங்கிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்கிறார் சார். எங்களுக்குள் இருக்கிற ஒரே தகராறு இதுதான்.